சைக்கிள் டயர், ட்யூப் கழற்றி மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயரைக் கழற்றுவது என்றாலே சைக்கிள் ஓட்டுகிற பலருக்கும் ஒரு தயக்கம். என்னிடம் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். இந்த வேலைக்குக் கை பலம் அதிகம் வேண்டாம். டயர் ரிம்மில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துவிட்டால் யாராலும் செய்ய முடியும்.

பஞ்சர் ஒட்ட சக்கரத்தைக் கழற்றியே ஆகணுமா?

ஒட்டுவதற்கு மட்டும் என்றால் வேண்டியதில்லை. டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, ட்யூபை உருவி, ஒட்டிவிட்டு மறுபடி உள்ளே தள்ளலாம். ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கிற வண்டிக்கும், செயினை முழுக்க மூடிய வண்டிக்கும் பின் சக்கரத்தைத் தொடாமல் இப்படிச் செய்வதுதான் நிம்மதி.

ட்யூபையோ டயரையோ மாற்றுவதாக இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். இரண்டும் முழு வளையம். அச்சு ஃபிரேமில் மாட்டியிருக்கும்வரை வெளியே வர வழி இல்லை.

என்னென்ன சாமான் வேணும்? ஸ்க்ரூடிரைவர் போதாதா?

டயரின் ஓரத்தை நெம்பி எடுக்கிற டயர் லீவர் இரண்டு, ஒரு பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், சக்கரம் நட்டில் மாட்டியிருந்தால் அதற்குரிய ஸ்பேனர். 15 மி.மீ. நட் பரவலாக இருக்கிறது. உங்கள் வண்டியில் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். லீவர் நைலானில் இருந்தால் ரிம்மில் கீறல் விழாது.

ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். அதன் முனை ட்யூபைக் குத்தும், அலுமினிய ரிம்மின் உதட்டை நெளித்துவிடும். அந்த நெளிவு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தட்டும். ஒரு பஞ்சரைச் சரிசெய்யப் போய் ரிம்மைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

26 இன்ச் டயர்னு கேட்டுத்தான் வாங்கினேன். ரிம்மில் ஏறவே இல்லை. ஏன்?

ஒரே இன்ச் பெயரில் வெவ்வேறு அளவு ரிம்கள் இருக்கின்றன. மலைச் சைக்கிளின் 26 × 1.95 டயர் உட்காருகிற வட்டம் 559 மி.மீ. விட்டம். 26 × 1⅜ என்று எழுதிய டயருக்கு அதுவே 590 மி.மீ. 31 மி.மீ. வித்தியாசத்தை எந்த லீவராலும் சரிக்கட்ட முடியாது.

டயரின் பக்கவாட்டில் 50-559, 37-622 என்று இரண்டு எண்கள் சேர்ந்திருக்கும், அதைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 5775 தரப்படி போடுகிற அளவு அது. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயரின் ஓரம் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம். இரண்டும் மி.மீ. கணக்கு. இரண்டாவது எண் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. முதல் எண் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ரிம்மின் அகலமும் ஃபிரேமுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடமும் அனுமதித்தால் சரி.

700சி, 29 இன்ச் என்று இரண்டு பெயரில் விற்கிற டயர்களுக்கு விட்டம் ஒன்றுதான்: 622. 27.5 இன்ச் என்றால் 584. கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய வண்டியின் 28 × 1½ என்றால் 635. 28 இன்ச் என்ற பெயரை 622-க்கும் போடுகிறார்கள், 635-க்கும் போடுகிறார்கள் என்பதால் இன்ச் கணக்கை நம்பி வாங்காதீர்கள்.

ட்யூப் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

மேலே சொன்ன விட்டத்தோடு, பெட்டியில் போட்டிருக்கும் அகல வரம்பையும் பாருங்கள். 28/37-622 என்றால் 28 முதல் 37 மி.மீ. அகல டயர் வரைக்கும் ஆகும். ரொம்பக் குறுகின ட்யூபை அகல டயரில் போட்டால் ரப்பர் மெலிந்து சீக்கிரம் ஓட்டை விழும். பெரிய ட்யூபைச் சின்ன டயரில் திணித்தால் மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே கிழியும்.

அடுத்தது வால்வு. கார், மோட்டார் சைக்கிளில் இருக்கிற தடித்த ஷ்ரேடர் வால்வு, மேலே சின்னத் திருகு வைத்த ஒல்லியான பிரஸ்டா வால்வு, பழைய வண்டிகளின் டன்லப் வால்வு என்று மூன்று வகை. ஷ்ரேடருக்கும் டன்லப்புக்கும் ரிம்மில் 8 மி.மீ. சொச்சம் ஓட்டை வேண்டும், பிரஸ்டாவுக்கு 6.5 மி.மீ. போதும். பிரஸ்டா ஓட்டையில் ஷ்ரேடர் நுழையாது. பெரிய ஓட்டையில் பிரஸ்டா போடுவதாக இருந்தால், அதற்கென்று கிடைக்கிற சின்ன ரப்பர் வளையத்தையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் வால்வின் அடி ஆடி ஆடி அறுந்துபோகும்.

பின் சக்கரத்தைக் கழற்றவே பயமா இருக்கு. திரும்ப மாட்டத் தெரியுமான்னு சந்தேகம்.

கியர் வண்டி என்றால் முதலில் பின்னால் உள்ள மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றுங்கள். மாட்டும்போதும் செயினின் மேல் பக்கத்தை அதே பல்சக்கரத்தில் வைத்தால் சக்கரம் தானாகவே இடத்துக்கு வரும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயின் எந்த வழியாகப் போகிறது, வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்ற குழப்பமே வராது.

ரிம் பிரேக் இருந்தால் அதன் கம்பியைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ள டயர் கட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். கியர் இல்லாத வண்டியில் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயின் நடுவில் விரலால் தள்ளினால் ஒரு செ.மீ. அளவுக்கு மேலும் கீழும் அசைகிற மாதிரி வைத்து நட்டை முறுக்குங்கள். சக்கரம் ஃபிரேமுக்கு நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

டிஸ்க் பிரேக் வண்டி. சக்கரம் வெளியே இருக்கும்போது கை தவறி பிரேக் பிடிச்சுட்டேன், இப்ப சக்கரம் உள்ளே போகலை.

ஹைட்ராலிக் பிரேக்கில் தட்டு இல்லாதபோது பிடித்தால் கட்டைகள் இரண்டும் நெருங்கி வந்துவிடும். சுத்தமான பிளாஸ்டிக் லீவரின் தட்டையான முனையை நடுவே விட்டு மெதுவாகப் பிரித்துத் தள்ளுங்கள், பின்னால் போய்விடும். அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றியதுமே மடித்த அட்டை ஒன்றைக் கட்டைகளுக்கு நடுவே செருகி வையுங்கள். தட்டை விரலால் தொட வேண்டாம், எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் பிடிமானம் போய்விடும்.

டயர் ரிம்மோட ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. லீவர் போட்டாலும் அசையலை. என்ன பண்றது?

மொத்த வேலையின் சூட்சுமமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. டயரின் இரண்டு ஓரங்களுக்குள்ளும் எஃகுக் கம்பியோ கெவ்லார் போன்ற இழையோ ஓடுகிறது. அது நீளாது. ரிம்மின் உதடு அந்த வளையத்தைவிடப் பெரியது. பிறகு எப்படித்தான் டயர் வெளியே வருகிறது? டயர் இல்லாத ரிம்மைப் பாருங்கள்: நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். டயரின் ஓரம் பக்கத்து மேட்டில் உட்கார்ந்திருக்கும்வரை எல்லாப் பக்கமும் இறுக்கம்தான். அதை ஒரு பக்கம் பள்ளத்தில் இறக்கிவிட்டால் எதிர்ப்பக்கம் அதற்குத் தகுந்த தளர்வு கிடைக்கும். லீவர் போடுவது அந்தத் தளர்வில்தான்.

அதனால் லீவரை எடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். காற்றைச் சுத்தமாக இறக்குங்கள். வால்வு நட் இருந்தால் கழற்றுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் டயரின் பக்கவாட்டை ரிம்மின் நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டே ஒரு சுற்றுப் போங்கள், மறுபக்கமும் அதே மாதிரி. வருஷக்கணக்கில் கழற்றாத டயர் ரிம்மோடு பிடித்துக்கொண்டிருக்கும், தள்ளத் தள்ள பட் பட்டென்று விடுபடும். நான் பார்த்தவரை, கழற்ற வரவில்லை என்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த ஒரு சுற்றை விட்டவர்கள்தான்.

இப்போது வால்வுக்கு எதிர்ப்பக்கமாக லீவரை ஓரத்துக்கு அடியில் நுழைத்து, ஓரத்தை ரிம்முக்கு மேலே புரட்டி, லீவரின் கொக்கியைப் போக்ஸ் கம்பியில் மாட்டுங்கள். இரண்டு கம்பி தள்ளி அடுத்த லீவர். அதற்குப் பிறகு லீவரை அப்படியே நகர்த்தினாலே ஓரம் கழன்று வரும். நுழைக்கும்போது லீவரின் முனை ட்யூபைக் கவ்வியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ரொம்ப இறுக்கமான டயருக்கு மட்டும் ஒரு மாற்றம். வால்வின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் ஓரம் கீழே இறங்காது. எதிர்ப்பக்கம் லீவர் போட்டால் நமக்கு வர வேண்டிய தளர்வில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும். அதனால் வால்வுக்கு ஒரு சாண் தள்ளித் தொடங்குங்கள். வால்வுக்கு ஒட்டினாற்போல் மட்டும் லீவர் போடாதீர்கள், ட்யூப் அந்த இடத்தில் கிழிந்தால் ஒட்டவே முடியாது.

பழைய ரேஸ் வண்டி ஒண்ணு கிடைச்சுது. டயர் ஓரத்தில் லீவர் நுழையவே இடம் இல்லையே?

அது ட்யூபுலர் டயராக இருக்கும். ட்யூபை உள்ளே வைத்துத் தைத்து, மொத்தத்தையும் ரிம்மில் பசையால் ஒட்டியிருப்பார்கள். அதற்கு ஓரக்கம்பியும் கிடையாது, அந்த ரிம்மில் நடுப்பள்ளமும் கிடையாது. டன்லப் 1888-ல் காப்புரிமை பெற்ற ஆரம்பகாலக் காற்று டயரையும் சக்கரத்திலிருந்து லேசில் பிரிக்க முடியாது. 1891-ல் மிஷலின் சகோதரர்கள் கொண்டுவந்த கழற்றி மாட்டும் டயர்தான் இந்த வேலையைச் சாலையோரத்தில் செய்யக்கூடியதாக மாற்றியது. ட்யூபுலர் டயரில் பசை ஒழுங்காகப் பிடிக்காவிட்டால் திருப்பத்தில் டயர் கழன்றுவிடும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ட்யூபில் ஓட்டை எங்கேன்னே தெரியலை.

ட்யூபை வெளியே எடுத்து, சாதாரண அளவைவிட இரண்டு பங்கு பருக்கும்வரை காற்று அடித்து, காதருகே வைத்துச் சுற்றுங்கள். சத்தம் கேட்கவில்லை என்றால் உதட்டருகே கொண்டுபோங்கள், ஈர உதட்டில் மெல்லிய காற்றும் தெரியும். அதிலும் தெரியாததைத் தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். வால்வையும் முக்கிப் பார்க்க மறக்க வேண்டாம். டன்லப் வால்வில் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் குழாய் நைந்தாலே காற்று இறங்கும், ட்யூப் நன்றாகத்தான் இருக்கும்.

புது ட்யூப் போட்டேன், அன்னைக்கே மறுபடியும் பஞ்சர். ட்யூபே மட்டமா?

அநேகமாக ட்யூப் மேல் தப்பில்லை. முதல் ட்யூபைக் குத்தியது எதுவோ அது இன்னும் டயரிலேயே இருக்கிறது. பழைய ட்யூபைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஓட்டை எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

சாலையைப் பார்த்த பக்கம் ஒற்றை ஓட்டை இருந்தால் முள், கண்ணாடி, மெல்லிய கம்பித் துண்டு இவற்றில் ஏதோ ஒன்று. ட்யூபை டயர் மேல் வைத்து, வால்வுக்கு நேராக வால்வு இருந்த இடத்தைப் பொருத்தினால், குத்தியது எங்கே இருக்கிறது என்று விரல்கடை தூரத்துக்குள் சொல்லிவிடலாம். டயரின் பெயர் எழுதிய இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்வது இதற்காகத்தான். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவும்போது மெதுவாகத் தடவுங்கள். ஒரு துணியை வைத்துத் தேய்த்தால் முள் துணியில் சிக்கும், விரலும் தப்பிக்கும். கம்பித் துண்டு வெளியே தெரியாமல் ரப்பருக்குள் புதைந்திருக்கும், டயரை அந்த இடத்தில் வளைத்துப் பார்த்தால்தான் தலைகாட்டும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்திலோ கல்லிலோ ஏறி ரிம் ட்யூபை நசுக்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால், ரிம்மின் உள்ளே குழிகளை மூடியிருக்கிற ரிம் டேப் விலகிப் போக்ஸ் நிப்பிளின் குழி திறந்திருக்கிறது, அல்லது கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. டேப்பை மாற்றாமல் எத்தனை ட்யூப் போட்டாலும் இதே கதைதான்.

மாட்டும்போது கடைசி ஒரு சாண் மட்டும் ஏறவே மாட்டேங்குது. லீவர் வச்சு ஏத்தலாமா?

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க ஓரத்தை முழுக்க ரிம்முக்குள் போடுங்கள். ட்யூபில் வட்ட வடிவம் வருகிற அளவுக்கு மட்டும் காற்று விட்டு, வால்வை ஓட்டையில் நுழைத்து, ட்யூபைச் சுற்றிலும் டயருக்குள் வையுங்கள். இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, இரு கையாலும் இரு பக்கமும் ஏற்றிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். வால்வு பள்ளத்தை அடைக்கும் என்று மேலே சொன்னேனே, அதே காரணம்தான். கடைசியில் வால்வில் முடித்தால் மற்ற எல்லா இடத்திலும் ஓரம் பள்ளத்தில் இருக்க முடியும்.

கடைசிச் சாண் ஏறவில்லை என்றால் எங்கோ ஓரம் மேட்டில் ஏறிவிட்டது என்று அர்த்தம். ட்யூபில் இருக்கும் கொஞ்சக் காற்றையும் இறக்குங்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்து தொடங்கி, டயரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து நடுவுக்கு அமுக்கி, தளர்வை இரு பக்கமாகவும் கடைசி இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் அந்த ஒரு சாண், நாலு விரல் அகலமாகக் குறையும். அதை உள்ளங்கையின் அடிப்பகுதியால் சப்பாத்தி உருட்டுகிற மாதிரி உருட்டித் தள்ளினால் டக்கென்று உள்ளே விழும். ஓரத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினாலும் உதவும்.

லீவரைக் கடைசிபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ரிம்முக்கும் லீவருக்கும் நடுவே ட்யூப் மாட்டினால் மாட்டும்போதே பஞ்சர். வேறு வழியே இல்லை என்றால் முனையை மட்டும் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக.

காத்து அடிச்சதும் டமார்னு வெடிச்சுது. ட்யூபில் நீளமா ஒரு கிழிசல். அதிகமா அடிச்சுட்டேனா?

அளவுக்கு மீறி அடித்திருந்தாலும் ட்யூப் தானாக வெடிக்காது, டயர் அதை அடக்கி வைத்திருக்கும். வெடித்தால் ட்யூப் டயருக்கு வெளியே வர எங்கோ வழி கிடைத்திருக்கிறது. மாட்டும்போது ஓரத்துக்கு அடியில் ட்யூப் சிக்கியிருந்தால், காற்று ஏற ஏற ஓரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே பிதுங்கி வெடிக்கும். அந்த நீளக் கிழிசலை ஒட்ட முடியாது.

டயரை மாட்டி முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி இழுங்கள், அங்கே சிக்கியிருந்தால் விடுபடும். அப்புறம் டயரின் ஓரத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்துக்கொண்டே இரு பக்கமும் ஒரு சுற்று வாருங்கள். ட்யூபின் ரப்பர் எங்கும் கண்ணில் படக் கூடாது. இதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அதைச் செய்யாமல் பம்பைத் தொடாதீர்கள்.

காத்து அடிச்ச பிறகு சக்கரம் சுத்தினா டயர் ஒரு இடத்தில் ஏறி இறங்குது.

டயரின் பக்கவாட்டில் ரிம்முக்கு ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அது ரிம்மில் இருந்து எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மறைந்தால் அங்கே ஓரம் மேட்டுக்கு வரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடியுங்கள். ஓரிடத்தில் அதிகமாக வெளியே தெரிந்தால் அங்கே ட்யூப் சிக்கியிருக்கலாம், உடனே காற்றை இறக்குங்கள்.

எவ்வளவு காத்து அடிக்கணும்? கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் போதுமா?

போதாது. ஒல்லியான டயர் பாதிக் காற்றிலேயே விரலுக்குக் கல்லாகத் தெரியும். டயரிலேயே வரம்பு எழுதியிருக்கும். 2 இன்ச் மலைச் சைக்கிள் டயருக்குச் சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, 37 மி.மீ. டயருக்கு 50 முதல் 70 என்பது பரவலான அளவு. 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. பின் சக்கரத்தில் எடை அதிகம் விழுவதால் அதற்குக் கொஞ்சம் கூட்டி அடியுங்கள். ரிம்மிலும் ஒரு உச்ச வரம்பு எழுதியிருந்தால், டயர், ரிம் இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

பேட்ச் போட்டால் நிக்குமா, இல்லை புது ட்யூபே வாங்கிடட்டுமா?

ஒழுங்காகப் போட்டால் ட்யூப் உள்ளவரை நிற்கும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து ரப்பரின் பளபளப்பை எடுங்கள். சொல்யூஷனைப் பேட்ச்சைவிடப் பெரிய வட்டமாக மெல்லிசாகத் தடவிவிட்டுக் காத்திருங்கள். ஐந்து நிமிஷம் போல, ஈரப் பளபளப்பு போகும்வரை. ஈரத்திலேயே ஒட்டுவதால்தான் பெரும்பாலான பேட்ச் கழன்று வருகிறது. காய்ந்த பிறகு வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்தால் முடிந்தது. சொல்யூஷன் ட்யூபை ஒருமுறை திறந்தால் சில மாதத்தில் உள்ளே காய்ந்துவிடும் என்பதால், வெளியூர் கிளம்பும் முன் அமுக்கிப் பாருங்கள்.

வால்வு சாய்ஞ்சு நிக்குது. அப்படியே ஓட்டலாமா?

கூடாது. காற்று குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மில் வழுக்கி, ட்யூபையும் சேர்த்து இழுத்திருக்கிறது. அப்படியே விட்டால் வால்வின் அடியில் அறுந்துவிடும். காற்றை இறக்கி, ஓரத்தைத் தளர்த்தி, டயரையும் ட்யூபையும் வால்வு நேராகும் வரை பின்னுக்குத் தள்ளுங்கள்.

டயரில் அம்புக்குறி இருக்கு. மாத்தி மாட்டிட்டேன். கழற்றணுமா?

சாலை டயர் என்றால் ஆபத்து ஒன்றும் இல்லை, அடுத்த பஞ்சரில் மாற்றிக்கொள்ளலாம். மண் பாதைக்கான கட்டை வைத்த டயரில் பிடிமானம் மாறும், அதை இப்போதே திருப்பிவிடுங்கள்.

டயரே கிழிஞ்சுடுச்சு, வழியில் நிக்கிறேன். உள்ளே என்ன வச்சு ஓட்டலாம்?

கிழிசல் வழியாக ட்யூப் பிதுங்காமல் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய டயரின் பக்கவாட்டில் வெட்டிய துண்டு இதற்கு ரொம்பப் பொருத்தம், பையில் ஒன்று வைத்திருங்கள். தடித்த பிளாஸ்டிக் உறையை நாலாக மடித்தும் வைக்கலாம். காற்றை வழக்கத்தைவிடக் குறைத்து அடித்து, மெதுவாக ஓட்டிப் போய், போனதும் டயரை மாற்றுங்கள். ஓரக்கம்பியே அறுந்திருந்தால் இதெல்லாம் உதவாது, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

என்னோடது ட்யூப்லெஸ். பெரிய ஓட்டை, திரவம் அடைக்கலை. உள்ளே ட்யூப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ட்யூப்லெஸ் என்றால் ட்யூப் இல்லாமல் டயருக்குள்ளேயே காற்று நிற்பது, சின்ன ஓட்டைகளை உள்ளே விட்டிருக்கும் திரவமே அடைத்துவிடும். ட்யூப்லெஸ் ரிம்மில் ஓரம் உட்காரும் மேட்டுக்கும் நடுப்பள்ளத்துக்கும் இடையே சின்ன வரம்பு இருப்பதால் ஓரம் லேசில் இறங்காது. மேலே சொன்ன கட்டைவிரல் சுற்றை இங்கே பொறுமையாகச் செய்ய வேண்டும். ஓரிடத்தில் இறங்கிவிட்டால் பக்கத்து இடங்கள் தொடர்ந்து வரும்.

டயரைத் திறந்ததும் திரவத்தைத் துடைத்துவிட்டு, ட்யூப்லெஸ் வால்வின் நட்டைக் கழற்றி வால்வை எடுங்கள். அதன் பிறகு டயரின் உள்பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். திரவம் இதுவரை அடைத்துக் காப்பாற்றிய முட்கள் எல்லாம் இன்னும் டயரிலேயே குத்திக்கொண்டிருக்கும். முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றையும் குறடால் பிடுங்காமல் ட்யூப் போட்டால் சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் மறுபடி இறங்கிவிடும்.